சேவலைப் பிடித்த பேய்

கொல்லிமலைக்குச் சித்தர்கள் புதிதில்லை. கம்ப்யூட்டரோடு ஒரு சித்தர் வந்து இறங்கியது இரண்டாயிரத்து ஒன்றில்தான். பழைய சித்தர்கள் குகைக்குள் உட்கார்ந்து காற்றைத் தின்றார்களாம். இவர் அரியூர் நாட்டுச் சந்தைத் திடலில் பந்தல் போட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மிளகு வாங்கினார். கணினிச் சித்தர் குழந்தைசாமி என்று பெயர். காசைக் கையால் தொடமாட்டார், அவ்வளவு பற்றற்றவர். மிளகை மட்டும் மூட்டையாகத் தொடுவார்.

கூட்டமான கூட்டம்! காய்ச்சல்காரன் ஆஸ்பத்திரி பஸ்ஸை விட்டுவிட்டு வரிசையில் நின்றான். தமிழ் எழுத்து ஒட்டிய கீபோர்டில் உங்கள் பெயரை உங்கள் விரலாலேயே அடிக்க வேண்டும். படிக்காதவர்களுக்கு எந்த எழுத்து என்று சித்தர் காட்டுவார். பெயர் தாறுமாறாக விழுந்தால், உள்ளே இருக்கும் பேய் எழுத்தை இழுக்கிறது என்று அர்த்தம். ஒரு மூட்டை மிளகும் ஒரு சேவலும் வைத்தால், சித்தர் கீபோர்டு மேல் திருநீறு தூவுவார். மறுபடி அடித்தால் பெயர் பளிச்சென்று விழும். வந்த அத்தனை பேருக்கும் பேய் இருந்தது. அத்தனை பேயும் மிளகுதான் கேட்டது.

கோகிலாவை அங்கே இழுத்து வந்தவர் அவளுடைய வருங்கால மாமியார் பொன்னாயி, கக்கத்தில் ஒரு சேவலோடு. மகன் பிரேமுக்கும் கோகிலாவுக்கும் தை மாதம் கல்யாணம். ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்த கல்யாணம்.

கோகிலா தன் பெயரை அடித்தாள். ‘ழோழிஞா’ என்று திரையில் விழுந்தது.

சித்தர் கண்ணை மூடினார். “இது ஒரு மூட்டையில போற பேயில்ல. பொண்ணு ஊட்டு மிளகு மொத்தமும் வேணும். இல்லாட்டி, தாலி ஏறுன கையோட மாமியாரத் தூக்கிரும்.”

கூடவே வந்திருந்த கோகிலாவின் அப்பா அருணாசலத்துக்கு முகம் செத்துவிட்டது. கல்யாணச் செலவுக்கென்று அவர் விற்காமல் வைத்திருந்தது அந்த மிளகைத்தான்.

பொன்னாயி இரண்டடி பின்னால் நகர்ந்தார். “இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க. நான் இன்னுங் கொஞ்ச நா உசுரோட இருக்கோணும்.”

பிரேம் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் பார்க்க ஒன்றுமில்லை. இந்த ஆளுக்காகவா அத்தனை கெஞ்சல் என்று கோகிலாவுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் திரையை இன்னொரு தடவை முறைத்தாள். பெயரில் இரண்டு ‘க’. இரண்டுமே ‘ழ’ ஆகியிருந்தது. ‘க’வை மட்டும் அடித்துப் பார்த்தாள். ‘ழ’. மறுபடியும் ‘ழ’. இவ்வளவு ஒழுங்கான பேய் உண்டா என்ன?

சேந்தமங்கலத்தில் நசீபா அக்காவின் டைப்பிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவள் அடித்த மனு இப்படித்தான் உளறிக்கொண்டு விழுந்தது. நசீபா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “பேயுமில்ல, ஜின்னுமில்ல கண்ணு. எட்டி எட்டி அடிச்சு என் சுண்டுவிரல் வீங்கிப் போச்சு. அடிக்கடி வர்ற எழுத்தையெல்லாம் பலமான விரலுக்குக் கீழ மாத்தி வச்சிருக்கேன். மேல ஒட்டுனதுதான் பழசு.” ஒரு மூலை விசையைத் தட்டினால் எழுத்தெல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும். விரல் வலிக்கு அக்கா கண்டுபிடித்த வைத்தியம் இங்கே சித்தராகி மலையேறியிருந்தது.

கோகிலா எழுந்து பொன்னாயியின் கக்கத்திலிருந்த சேவலை வாங்கினாள்.

“ஏனுங் சாமி, பேய் என் கைக்குள்ளதானே இருக்குது?”

“ஆமா.”

“சேவலுக்கு இல்லீங்களே?”

“வாயில்லா சீவன். அதுக்கேது தோஷம்!”

சேவலுக்கென்று பொன்னாயி முந்தானையில் முடிந்து வந்த ராகியில் ஒரு மணியை எடுத்து கோகிலா ‘க’ மேல் வைத்தாள். சேவல் கொத்தியது. ‘ழ’ விழுந்தது.

சித்தர் சேவலைக் கை காட்டினார். “பேய்... சேவலுக்குத் தாவிருச்சு.”

வரிசையில் நின்ற மாணிக்கம் குரல் கொடுத்தார். “அப்ப தெனமும் சேவக் குழம்பு தின்னீங்களே, உங்க வயித்துல எத்தன பேய் இருக்குதுங் சாமி?”

சிரிப்பு வெடித்தது. சித்தர் அவசரமாகத் திருநீற்றுக் கையை நீட்டினார். அந்தக் கையைக் கோகிலா பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் தூவும்போது அவர் கட்டைவிரல் எந்த மூலைக்குப் போனது என்று வரிசையில் நின்றபோதே அவள் பார்த்து வைத்திருந்தாள். அந்த விசையை அவளே தட்டினாள். இன்னொரு ராகி மணியை ‘க’ மேல் வைத்தாள். சேவல் கொத்தியது. ‘க’ விழுந்தது. மிளகு வைக்கவில்லை, திருநீறு தூவவில்லை. பேய் ஓடிவிட்டது!

பேய்க்குப் பின்னாலேயே சித்தரும் ஓடப் பார்த்தார். வேனில் ஏற்றியிருந்த மூட்டைகளை இறக்கி வைத்த பிறகுதான் ஜனங்கள் வழிவிட்டார்கள். இறக்குவதற்கு இரண்டு ஆள் போதும் என்றாலும், ஏமாந்தவர்கள் எல்லோருமே கை கொடுத்தார்கள்.

பொன்னாயி கூச்சத்தோடு கோகிலாவின் பக்கத்தில் வந்தார். “கல்யாணத்த முடிச்சரலாங் கண்ணு. எதுக்கும் நாமக்கல்லுல ஒரு கிளி சோசியக்காரரு இருக்காராம், அவரையும் ஒரு வார்த்த...”

“பொட்டியக் கேட்டாச்சு. சேவலயும் கேட்டாச்சு. இனிக் கிளியுங்களா?” கோகிலா பிரேமைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மொதல்ல உங்க புத்தியக் கேளுங்க அத்தை. அப்பறம் உங்க மகனக் கேளுங்க. கடசீல என்னயும் கேளுங்க. நான் இன்னும் சரின்னு சொல்லலீங்க.”