தட்டுக்காரர் தண்ணீருக்குள் போன கதை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை உள்ள ஏரி, குளம், கல்லுக்குழி அத்தனையையும் முகத்துக்கு நேரே திட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருக்கும் அப்பா, அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் தட்டுக்காரர்.

ஐம்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரியில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் தற்காலிக குமாஸ்தா. வேலை நிரந்தரமாகும் உத்தரவு இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் பீரோ சாவிக்கொத்து என் பொறுப்பு. "சாவி தொலைஞ்சுதோ, அன்னிக்கே நீ உங்க ஊரு சேலத்துக்கு பஸ் ஏறிடு" என்று ஹெட்கிளார்க் சொல்லியிருந்ததால் தூங்கும்போதுகூட அது என் இடுப்பில்தான் இருக்கும். தட்டுக்காரர் எனக்குப் பக்கத்து அறை. லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை.

பெங்களூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகை அவர் கையில் சிக்கியிருக்கிறது. அதில் ஒரு படம். முதுகில் காற்றுக் குழாயும் முகத்தில் கண்ணாடியுமாக ஒருவன் கடலுக்கடியில் மீன்களோடு நிற்கிறான். தானும் அப்படிப் போவதென்று அன்றே முடிவு செய்துவிட்டார். கடல் எங்கோ இருக்கிறதே என்றால், "ஏரியில இருக்கிறது தண்ணி இல்லாம எண்ணெயா?" என்பார்.

"உள்ள போயி என்னங்க பாக்கப்போறீங்க?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா எதுக்குய்யா போறேன்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

சாதனமும் தயார். காற்றடைத்த லாரி ட்யூப் முதுகில். அதிலிருந்து வாய்க்கு ஒரு ரப்பர் குழாய். முகத்துக்கு, ஓரமெல்லாம் பஞ்சர் ரப்பர் ஒட்டிய மோட்டார் சைக்கிள்காரர் கண்ணாடி. "ட்யூபு மேல தூக்கிடுமே?" என்றேன். ஒரு வாரம் யோசித்து இடுப்பில் அம்மிக்கல் கட்ட ஏற்பாடு செய்தார். "கல்லு கீழ இழுத்துடுமே?" என்றேன். இன்னொரு வாரம் யோசித்தார். "மேல ஒண்ணு இழுக்குது, கீழ ஒண்ணு இழுக்குது. நான் நடுவுல நிப்பேன். அதானேய்யா வேணும்?"

இனி தெளிந்த தண்ணீர்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமையானால் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் மூன்று ஓட்டை போட்டு, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். அதைத் தண்ணீரில் இறக்குவார். கண்ணுக்குத் தட்டு மறைந்த கணமே முடிச்சை எண்ணி மேலே இழுத்துவிடுவார். பத்து முழம் வரை தட்டு தெரிய வேண்டும்; அதுதான் கணக்கு. அதற்கும் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதில் அவருக்கு அக்கறையில்லை.

பத்து முழம் எங்கே தெரிந்தது? "நீயெல்லாம் ஏரியா? மோர்க்குழம்பு!" என்று ஒன்றைத் திட்டுவார். சூளகிரிப் பக்கம் ஒரு கல்லுக்குழியில் ஆறு முழம் தெரிந்தது. இறங்கிவிடுவார் என்று நான் துண்டைக்கூட எடுத்து வைத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "ஆழம் தெரியாம கால விடக்கூடாதுய்யா" என்று கயிற்றைச் சுருட்டிவிட்டார். இரண்டு வருஷத்தில் கணுக்காலுக்கு மேல் அவர் நனைந்ததில்லை. எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

பார்த்த ஜனங்களுக்கும் குழப்பம்தான். "ஏமய்யா, செருவுக்கு அன்னம் பெடுதாவா?" என்று ஒரு அம்மாள் தெலுங்கில் கேட்டாள். ஏரிக்குச் சோறு போடுகிறாராம்!

விபரீதம் நாகரசம்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஏரியில் நடந்தது. அப்போது கிருஷ்ணகிரி அணை கட்டிக்கொண்டிருந்த காலம். கயிறும் கையுமாக எவன் வந்தாலும் நிலம் போய்விடும் என்ற பயம். தட்டு இறங்கியது, ஒரு முழம்கூடத் தெரியவில்லை. "சாக்கடைக்கு நீ அண்ணன்" என்று அவர் ஏரியைத் திட்டி முடிப்பதற்குள் மணியக்காரர் இருபது பேரோடு வந்து நின்றார்.

"எங்க ஊரையும் முழுக வைக்கப் போறீங்களா சாமி?"

"ஊரு இல்லீங்க. தண்ணிக்குள்ள போயி மூச்சு விடணும், அதுக்குத்தான் அளக்கறேன்" என்றார் தட்டுக்காரர்.

"யாரு, நாங்களா?" என்று மணியக்காரர் அலறினார். தட்டுக்காரர் அதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்கினார். தமிழில் பயந்தவர்கள் போக மீதிப் பேரும் பயந்தார்கள். இதற்குள் என்னைச் சர்க்கார் ஆபீஸ் ஆள் என்று எவனோ அடையாளம் கண்டுவிட்டான். மணியக்காரர் சடாரென்று என் காலில் விழுந்தார். வயதில் பெரியவர் ஆயிற்றே என்று நான் பதறிப் பின்னால் துள்ளினேன். இடுப்பிலிருந்த சாவிக்கொத்து 'தொப்'பென்று ஏரிக்குள் போயிற்று.

என் உத்தரவும் அதோடு போயிற்று. கரையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

தட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். சட்டையைக் கழற்றினார். ட்யூபும் கண்ணாடியும் கிருஷ்ணகிரியில் கிடந்தன.

"எனக்கு நீச்சல் தெரியாதுய்யா" என்றார் மெதுவாக.

"ஐயய்யோ, அப்ப எறங்காதீங்க!"

"நீ சும்மா இரு." மூக்கைப் பிடித்துக்கொண்டார், கண்ணை இறுக மூடிக்கொண்டார், குதித்துவிட்டார்.

ஒரு நிமிஷம் குமிழிதான் வந்தது. நான் கத்தினேன். பிறகு தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. மனிதர் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் மார்பளவு.

"அது எருமைங்க படுக்கிற எடம்ங்க. ஆழமே கெடையாது" என்றார் மணியக்காரர்.

"முன்னாடியே சொன்னா என்னய்யா?"

"நீங்க அளக்கறதுக்கு எறங்கறீங்கன்னு நெனச்சோமுங்க!"

அரை மணி நேரம் காலால் துழாவி, கட்டைவிரலில் மாட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அவரிடம் எருமை வாடை வீசியது. "உள்ள என்னங்க தெரிஞ்சுது?" என்றேன். "கண்ண தொறந்தாத்தானேய்யா தெரியும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து முழத் தண்ணீர் தேடி மறுபடியும் தட்டோடு கிளம்பிவிட்டார். எனக்கு உத்தரவு வந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாத அந்த மனிதர் அன்றைக்கு மட்டும் ஏன் விட்டார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த ஆபீசில் இருந்தவரை, அவரை நினைக்காமல் ஒரு நாள்கூட அந்தப் பீரோவை நான் திறந்ததில்லை.