ஒலிநாதரின் சிவப்புப் பட்டு

தக்கலையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டோ கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. எல்லா ஆட்டோவிலும் பாட்டுப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. பெட்ஷீட் சுற்றிய ஆம்ப்ளிஃபயர், மடியில் வைத்த ஸ்பீக்கர், இரண்டு பேருக்கு நடுவில் சாய்த்து உட்கார வைத்த ஊஃபர். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள்கூட இத்தனை பதமாக உட்கார மாட்டார்கள்.

எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் கல்யாண மண்டபத்துக்குத்தான். அங்கேதான் ஒலிநாதர் எழுந்தருளியிருந்தார். பழுதான ஹோம் தியேட்டருக்குள் புகுந்திருக்கும் 'ஒலிதோஷத்தை' நீக்குவது அவர் தொழில், மன்னிக்கவும், தொண்டு. திருநீறு பூசியவர் வந்தால் திருநீறு, வேதக்காரராகிய கிறிஸ்தவர் வந்தால் எண்ணெய் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தார். மத நல்லிணக்கத்துக்கு அந்த ஜில்லாவில் அதைவிட நல்ல தட்டு கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் பெயர் அனில்குமார். மஸ்கட்டில் இருந்தபோது ஒருநாள் பிரபஞ்ச நாதம் அவர் காதில் விழுந்ததாம். அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நாதம் கேட்டவரிடம் போய் பயோடேட்டாவா கேட்பது?

அன்றைக்கு மண்டபத்து வாசலில் இறங்கிய சத்தியராஜிடம் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று அவருடைய ஆம்ப். மற்றொன்று மருமகள் ஜெனிலாவின் துணிப்பை. சாயங்காலத்துக்குள் இரண்டில் ஒன்று வீட்டுக்குத் திரும்பும், மற்றது மருமகளின் பிறந்த வீடு இருக்கும் நெய்யூருக்குப் போகும் என்பது ஏற்பாடு. மருமகள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சத்தியராஜுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

விஷயம் இதுதான். சத்தியராஜ் பதினெட்டு வருஷம் குவைத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, மகன் அபின் கல்யாணத்துக்கு ஊர் வந்து சேர்ந்தார். வரும்போது ஏழு ஸ்பீக்கர் வைத்த ஹோம் தியேட்டர் ஒன்றும் கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சாமான் வந்தால் அதன்மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக் கழற்றக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். ஃப்ரிட்ஜ், சோஃபா, ரிமோட், எதுவானாலும் சரி. கழற்றிவிட்டால் அது உள்ளூர்ச் சாமானாகிவிடும் அல்லவா? ஆகவே ஆம்ப் பிளாஸ்டிக்கோடு கூடத்தில் அமர்ந்தது. அதன்மேல் மனைவி ராகேல் பின்னிய லேஸ் விரிப்பு. அதற்கும் மேலே கல்யாணப் போட்டோ.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அதற்கு முன்னால் பாட்டு. பாட்டு தொடங்கி நாற்பதாவது நிமிஷம் ஆம்பில் சிவப்பு விளக்கு மினுங்கும், ஏழு ஸ்பீக்கரும் ஒன்றாக வாயை மூடும். தினமும் இதே கதை. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பாடும். மறுபடி சாகும்.

மெக்கானிக் ஸ்டெனி மூன்று நாள் கடையில் வைத்துப் பார்த்தான்.

"இதுக்கு ஒரு கம்ப்ளெய்ண்டும் இல்ல அண்ணே. கடையில காலம்பற போட்டா அந்தி வரைக்கும் பாடுகு."

ஸ்டெனி கழற்றி வைத்திருந்த பிளாஸ்டிக்கைத் திரும்பப் போட வைத்துத்தான் சத்தியராஜ் ஆம்பை எடுத்து வந்தார். வீட்டில் நாற்பதாவது நிமிஷம் அது செத்தது. கடையில் பாடுகிறது, வீட்டில் சாகிறது. ஆக, குற்றம் பெட்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். இந்த வரைக்கும் அவர் யோசித்தது சரிதான். இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அந்த ஒரு அடி வைப்பதற்குள் நம் ஜனங்களுக்குக் கால் வலித்துவிடும்.

முதல் ஞாயிறு ஒலிநாதர் பிளாஸ்டிக்கையும் லேஸையும் கழற்றி எறிந்தார். மாலை போட்ட பெரிய ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றை ஆம்புக்கு நேராகத் திருப்பி வைத்தார். அதற்கு வாயு பகவான் என்று பெயர். மண்டபத்து ஸ்பீக்கரில் ஆம்பை மாட்டி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஆம்ப் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் பாடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சத்தியராஜ் ஸ்தோத்திரம் சொன்னார். காணிக்கை வாங்கிக்கொண்ட ஒலிநாதர், கனமான சிவப்பு வெல்வெட் உறை ஒன்றைக் கொடுத்தார்.

"இது நாதப் பட்டு. ஒரு விரல் நுழைய இடைவெளியில்லாமல் மூடி வைக்க வேண்டும். என் கை தவிர வேறு கை இதை எடுத்தால், நீர்மேல் இருக்கும் உயிருக்கு ஆபத்து."

சத்தியராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. மகன் அபின் கப்பலில் வேலை செய்வது இவருக்கு எப்படித் தெரியும்? பெயர் எழுதும் மேசையில் தானே பத்து நிமிஷம் மகனைப் பற்றிப் பெருமை பேசியது அவருக்கு மறந்துவிட்டது.

பட்டு போர்த்திய பிறகு ஆம்ப் இருபத்திரண்டாவது நிமிஷமே செத்தது. மறுபடி மண்டபம், மறுபடி பாட்டு, மறுபடி காணிக்கை. மூன்றாவது ஞாயிறு ஒலிநாதர் பெருமூச்சு விட்டார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தது என்று கேட்டார்.

"மருமக வந்து நாலு மாசமாச்சு சாமி."

"பெட்டி பழுதானது?"

"அதும் நாலு மாசமாச்சு."

ஆம்பும் மருமகளும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள். ஆம்புக்கு வாரண்டி இருந்தது, திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒலிநாதர் திருப்பி அனுப்பச் சொன்னது மருமகளை. நாற்பது நாள் பிறந்த வீட்டில் இருக்கட்டும், அப்போதும் பெட்டி சரியாகவில்லையென்றால் அவள் வராமலே இருப்பது நல்லது என்றார்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு சத்தியராஜுக்கு இறங்கவில்லை. ஜெனிலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் காலையில் அவர் விரலைக் குத்திச் சுகர் பார்த்து, ஒளித்துவைத்த கருப்பட்டியைக் கண்டுபிடித்துத் திட்டுகிறவள். அந்தத் திட்டு அவருக்குப் பிடிக்கும். ராகேல் அழுதாள். அழுதுகொண்டே பரணிலிருந்து பையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆம்ப் வழக்கம்போலச் செத்த பிறகு சத்தியராஜ் மெல்ல ஆரம்பித்தார்.

"மக்ளே, கொஞ்ச நாளு நெய்யூர்ல போய் நில்லு..."

ஜெனிலா எல்லாவற்றையும் கேட்டாள். "அவருக்குத் தெரியுமா மாமா?"

"கப்பல்ல கெடக்குத பிள்ளைக்கு எதுக்கு மன வெப்ராளம்?"

அவள் ஆம்ப் பக்கம் போய், பட்டின்மேல் புறங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து, கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றிக்கும் நீட்டிய அந்தத் துப்பாக்கித் தெர்மாமீட்டரை எடுத்து, பொருள்களின் சூடு பார்க்கும் பட்டனைத் தட்டி, பட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி உள்ளே காட்டினாள். அறுபத்தெட்டு டிகிரி.

"மாமா, இது தோசமில்ல, சூடாக்கும். மூச்சு விட வழியில்லாம பொதிஞ்சு வச்சா ஆரானாலும் வாயடச்சுதான் போவும். இந்தத் துணிய எடுத்துப் பாப்போம்."

ராகேல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "தொடாதட்டி. எனக்க பிள்ள கடல்ல கெடக்கான்."

பிடித்த கையை விடவில்லை. ஜெனிலாவுக்குக் கோபம் வந்தது, மாமியைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"செரி மாமி, நான் தொடல்ல. அந்தச் சாமியே எடுக்கட்டும். ஞாயித்துக்கெழம நானும் கூட வாறேன். அதுக்குப் பெறவும் போவச் சொன்னியன்னா போறேன்."

இப்படித்தான் அவள் பையோடு மண்டபத்துக்கு வந்தது.

உள்ளே இருநூறு பேர் இருந்தார்கள். முன் வரிசையில் பூதப்பாண்டி சிவதாணு தன் வியாதியை விளக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்க பெட்டி பொம்பளக் கொரல்ல பேசுகு வே. நேத்து மத்தியானம் 'எண்ணச் சட்டிய எறக்கி வையுங்கோ'ன்னு சொல்லிச்சு. நானும் போய் எறக்கி வச்சேன்."

பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் ப்ளூடூத்தில் அவர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஒலிநாதருக்குத் தோன்றியிருக்கும். அவர் யட்சி என்றார். யட்சிக்குக் காணிக்கை தனி.

சத்தியராஜ் முறை வந்தது. ஒலிநாதர் பட்டை எடுத்தார், வாயு பகவானைத் திருப்பினார், முணுமுணுத்தார். ஆம்ப் பாடத் தொடங்கியது. ஜெனிலா நேராக மேடை ஏறி ஆம்ப்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரம்மா நீ?"

"தோசம்." கூட்டம் சிரித்தது. "நெய்யூருக்குப் போவச் சொன்னியள்லா, அந்த மருமக. நான் தொட்டுட்டு இருக்கேன், பாடுதான்னு பாப்போம்."

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. ஆம்ப் பாடிக்கொண்டே இருந்தது. சத்தியராஜ் குவைத் வாட்ச்சைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார்.

ஒலிநாதர் சிரித்தார். "நான் இருக்குமிடத்தில் எந்தத் தோஷமும் வாலாட்டாது."

"கொள்ளாம், நல்லது," என்றாள் ஜெனிலா. "அப்பம் நீங்க இஞ்சயே இரிங்க. மந்திரமும் சொல்லுங்க. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன், தோசமும் ஒழிஞ்சாச்சு. நீங்க குடுத்த பட்ட மட்டும் மேல போடுங்க. சாமி உண்டு, மந்திரம் உண்டு, பட்டு உண்டு, நான் இல்ல. இன்னும் நல்லால்லா பாடணும்?"

ஒலிநாதரின் சிரிப்பு பாதியில் நின்றது. "நாதப் பட்டு வீட்டில் மட்டும்தான் போட வேண்டும்."

"வீட்டுல காப்பாத்துத துணி மண்டபத்துல கடிக்குமா வே?" என்றார் சிவதாணு. அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசை. கூட்டத்துக்கும் அதே ஆசை. பக்தியைவிட வேடிக்கைக்குத்தான் நம்மிடம் வேகம் அதிகம். அன்றைக்கு அது நல்லதுக்கு உதவியது.

"சரி, பத்து நிமிஷம்," என்றார் ஒலிநாதர்.

சத்தியராஜ் எழுந்தார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பத்து போராது சாமி. அர மணிக்கூர் வேணும்."

பட்டு போர்த்தப்பட்டது. ஜெனிலா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஒலிநாதர் இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே மந்திரம் சொன்னார். வாயு பகவானைப் பட்டுக்கு இன்னும் நெருக்கி வைத்தார். அவர் நெற்றி வேர்த்தது. இருபத்து மூன்றாவது நிமிஷம் சிவப்பு விளக்கு மினுங்கி, ஆம்ப் வாயை மூடியது.

இருநூறு தலையும் ஒலிநாதர் பக்கம் திரும்பியது.

"அந்தப் பெண் வாசல் பக்கம் வந்து நின்றிருப்பாள்," என்றார் ஒலிநாதர்.

சத்தியராஜ் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "மக்ளே, எங்க நிக்குத?"

"பஸ் ஸ்டாண்டுல மாமா. ஏத்தம்பழ பஜ்ஜி திங்கேன்." பின்னால் கண்டக்டர் ஒருவர் நாகர்கோவில், நாகர்கோவில் என்று கத்துவது இருநூறு பேருக்கும் கேட்டது.

சத்தியராஜ் மேடைக்குப் போனார். பட்டின்மேல் கை வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பானைபோலச் சுட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருஷம் குவைத் வெயிலில் வெந்தவர், சூட்டைச் சூடு என்று சொல்ல ஒரு மருமகள் வேண்டியிருந்தது. பட்டின் முனையைப் பிடித்தார்.

"எடுக்காதே. நடுக்கடல், பிள்ளை, யோசித்துக்கொள்," என்றார் ஒலிநாதர்.

அவர் கை நின்றது. அபின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஜெனிலாவின் பை அதற்குப் பக்கத்தில் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். அப்படியே நின்றபடி மகனுக்குப் போன் போட்டார். மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"என்னப்பா? இஞ்ச நல்ல நெட்வொர்க் இல்ல. சோறு திங்கேன். பெறவு விளிக்கட்டா?"

"தின்னு மக்கா," என்றார் சத்தியராஜ்.

பத்து நிமிஷத்தில் மந்திரமில்லாமலே ஆம்ப் பாடத் தொடங்கியது. அதற்குள் சிவதாணு கீழே கிடந்த பட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையலைப் பிரித்துவிட்டார். வெல்வெட்டுக்கு அடியில் கம்பளி. கம்பளிக்கு அடியில், பிரியாணி ஆறாமல் இருக்க ஹோட்டலில் சுற்றிக் கொடுக்கிற வெள்ளித் தாள்.

திரும்பி வந்த ஜெனிலாவைப் பார்த்ததும் ஒலிநாதருக்கு மேடைத் தமிழ் போய்விட்டது. "எந்தக் கடையிலட்டி வேல படிச்ச? மஸ்கட்டுல ஒம்பது வருசம் ஆம்ப் ரிப்பேர் பாத்தவன் நான். எனக்கே பாடமா?"

"கடையில படிக்கல்ல, ஆஸ்பத்திரியில படிச்சேன்," என்றாள் அவள். "சூடா இருக்கவனுக்குக் கம்பளி போத்தப்பிடாதுன்னு அங்க சொல்லித் தருவாவ. ஒமக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் போத்தி விட்டீரு."

ஒன்பது வருஷம் ரிப்பேர் பார்த்தேன் என்று தானே சொன்னது ஒலிநாதருக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்வாசலால் போனார். நாகர்கோவில் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. வாயு பகவான் மாலையோடு அங்கேயே நின்றார். மண்டபத்துக்காரர் வாடகைப் பாக்கிக்கு ஈடாக அவரை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ராகேல் வாசலிலேயே நின்றாள். ஆட்டோவில் ஆம்பும் பையும் இரண்டுமே திரும்பி வருவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பையைத் தானே வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் ஏற்றினாள். சத்தியராஜ் ஏழு ஸ்பீக்கரின் பிளாஸ்டிக்கையும் உரித்தெடுத்துக் குப்பையில் போட்டார். அன்றைக்கு ஜெபம் முடிந்தும் பாட்டு நிற்கவில்லை. யாராவது நிறுத்தட்டும் என்று எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"அப்பம் ஃப்ரிட்ஜுக்க பிளாஸ்டிக்கையும் கழத்தணுமா?" என்று ராகேல் கேட்டாள்.

"கழத்துட்டி. கழத்தினா ஃப்ரிட்ஜ் ஒண்ணும் ஓடிப் போவாது."

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். அடுத்த ஞாயிறு மத்தியானமும் மண்டபத்து வாசலில் நாற்பது ஆட்டோ நின்றது. பழைய சாமி போனால் என்ன, அந்த இடத்துக்கு யார் வருகிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சிவதாணுவும் இருந்தார். அவர் பெட்டி நேற்று, கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொன்னதாம், வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

மூடி வைத்தால் பெட்டி செத்துவிடும் என்பது இப்போது ஊர் முழுக்கத் தெரியும். மூளை சங்கதியும் அதுதான் ஐயா. உங்கள் பட்டை எப்போது எடுப்பதாக உத்தேசம்?