பதவிக்கேற்ற கவலை

அந்த அலுவலகத்தில் மனநலப் பிரிவு திறந்தார்கள். பெரிய அலுவலகங்கள் எல்லாம் திறந்துவிட்டன, நாம் மட்டும் சும்மா இருந்தால் என்ன மரியாதை என்று மேலிடம் கேட்டதாம். மூன்று அறை, மூன்று பேர். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். உளவியலாளர் கேள்வி கேட்டுச் சோதித்து, நினைப்பில் விழுந்த சிக்கலைப் பேசிப் பிரிப்பார். ஆலோசகர் அம்மா உட்காரவைத்துக் காதுகொடுத்துக் கேட்பார், வழியும் சொல்வார்.

யாரை யாரிடம் அனுப்புவது? நிர்வாக அதிகாரி மண்டையை உடைத்துக்கொண்டு ஆணை போட்டார். மருத்துவருக்குச் சம்பளம் அதிகம், ஆகவே அவர் அதிகாரிகளுக்கு. உளவியலாளர் கண்காணிப்பாளர்களுக்கு. ஆலோசகர் குமாஸ்தாக்களுக்கு. ‘பணியாளர் எவரும் தம் பதவிக்கு மேற்பட்ட மனக்கோளாறு கொள்ளலாகாது’ என்று கடைசியில் ஒரு வரி வேறு.

தபால் குமாஸ்தாவுக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. போன வாரம் ஒருவருடைய ஓய்வூதிய உத்தரவை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை பிசகினால் வேலைக்கே உலை என்று மனுஷருக்கு உள்ளூர உதறல்.

ஆலோசகர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “உங்களுக்கு மருந்து தேவைப்படும்னு தோணுது. நான் எழுத முடியாது. பக்கத்து ரூம்ல டாக்டர் சும்மாதான் இருக்கார், போய்ப் பாருங்க.”

டாக்டர் சும்மாதான் இருந்தார். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று எந்த அதிகாரியும் அந்த வாசலை மிதிக்கவில்லை. குமாஸ்தா மிதித்தால் ஆணை மீறல். ஆகவே அவர் நிர்வாக அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

“சார், நான் டாக்டரைப் பார்க்கணும்.”

“அது அதிகாரிங்களுக்கு வர்ற வியாதிய்யா. உங்களுக்கு எதுக்கு?”

“தூக்கமே வரல சார்.”

“பதவி உயர்வு வரட்டும். அப்புறம் தாராளமா தூங்காம இருங்க.”

“அதுக்கு வருஷக்கணக்கா ஆகுமே சார்.”

“அதுவரைக்கும் உங்க பதவிக்குத் தகுந்த மாதிரி லேசா கவலைப்படுங்க.”

குமாஸ்தா திரும்பினார்.

“கொஞ்சம் இருங்க. கதவைச் சாத்துங்க.” அதிகாரியின் குரல் இறங்கியது. “அந்த அம்மா, நாம என்ன சொன்னாலும் கேட்பாங்களாமே?”

“குறுக்கே பேசவே மாட்டாங்க சார்.”

“வீட்ல என் பேச்சை யாரும் காதுல வாங்குறதில்ல. யார்கிட்டயாவது கொட்டணும்போல இருக்கு. ஆனா ஆலோசகர் என் பதவிக்குக் கீழ.” அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கவலையை மறந்து அவருக்காகப் பரிதாபப்பட்டார் குமாஸ்தா.

அந்த அலுவலகத்தில் அடையாள அட்டையில் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, நாடாவின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். இருவரும் நாடாவை மாற்றிக்கொண்டார்கள். சிவப்பு நாடாவோடு குமாஸ்தா டாக்டரிடம், சாம்பல் நாடாவோடு அதிகாரி அந்த அம்மாவிடம். டாக்டரும் அம்மாவும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள். மெல்ல மெல்லக் குமாஸ்தாவுக்குத் தூக்கம் வந்தது. அதிகாரி எரிந்து விழுவதை நிறுத்தினார்.

மேலிடத்துக்கு அறிக்கை போனது. அதிகாரி ஒருவர் மருத்துவரால் குணம், குமாஸ்தா ஒருவர் ஆலோசகரால் குணம். பதவிவாரிப் பிரிப்பு மகத்தான வெற்றி என்று மேலிடம் பூரித்துப்போய் அதையே பல் வைத்தியத்துக்கும் நீட்டித்தது. கடைவாய்ப் பல் அதிகாரிகளுக்கு, முன்பல் குமாஸ்தாக்களுக்கு.

நிர்வாக அதிகாரி பாராட்டை வாங்கிக்கொண்டு அந்தப் புது ஆணையிலும் கையெழுத்துப் போட்டார். ஊரிலுள்ள அத்தனை அலுவலகங்களுக்கும் அதை அனுப்பிவைத்தவர் நம் குமாஸ்தாதான். நன்றாகத் தூங்கி எழுந்த மனுஷர், ஒரு உறைகூட விலாசம் தவறிப் போகவில்லை.