செல்வத்துக்காக முதலாளி போட்ட தும்மல்

சில வாரப் பயிற்சி முடித்து ஊர் திரும்பியவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஒன்றும் தெரியாதவர் பயந்து பயந்து செய்வார். நன்றாகத் தெரிந்தவர் யோசித்துச் செய்வார். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வந்தவர்தான் சும்மா இருக்க மாட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில், மெட்ராஸிலிருந்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் அப்படித்தான் நான் வந்து இறங்கினேன்.

பார்வை, நடை, பேச்சு என்று எல்லாவற்றிலும் ஒருசேரச் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி அது. அவர்களுக்குப் பாடப் புத்தகம் உதவாது, தொட்டும் முகர்ந்தும் கேட்டும்தான் உலகம் உள்ளே போகும் என்றார்கள். "ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை விரலிலோ உதட்டிலோ பதில் சொல்லும்" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. (காத்திருப்பதா? நானா? உலை கொதிக்குமுன் தட்டைத் திறந்து பார்க்கிற ஆள் நான்!)

எங்கள் வாடகை வீட்டின் முன்கூடத்திலேயே வகுப்பைத் தொடங்கினேன். தாம்பாளத்தில் அரிசி, முறத்தில் ஈரமணல், டார்ச் லைட்டின்மேல் கட்டிய சிவப்புக் கண்ணாடித்தாள், கூழாங்கல் போட்ட பால்பவுடர் டப்பா. பட்டு ஊர் என்பதால் கழிவு நூலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அதைப் பந்தாகச் சுருட்டிப் பிள்ளைகளின் கன்னத்தில் மெல்ல வருடுவோம். ஒருத்தி கண்ணை மூடிக்கொள்வாள், ஒருவன் கையை நீட்டி இன்னும் கேட்பான்.

செல்வம் மட்டும் எதற்கும் அசையமாட்டான். எட்டு வயது. தானாக உட்கார வராது, பார்வை மங்கல், பேச்சு கிடையாது. அவன் அம்மா கன்னியம்மா சேவூரில் தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றிக் கூலி வாங்குபவர். டவுன் பஸ்ஸில் அவனை இடுப்பில் சுமந்து வருவார். அரிசியில் கையை வைத்தால் கை அங்கேயே கிடக்கும். மணியடித்தால் மணிதான் அடிக்கும்.

இதற்கு நடுவில் வீட்டுச் சொந்தக்காரர் கூடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "ரூமு இல்லன்னா இவன் மறுபடியும் தறி மூலையிலதான் படுத்துகினு கெடக்கணும் டீச்சரம்மா" என்றார் கன்னியம்மா.

பக்கத்துத் தெருவில் ஒரு பட்டு முதலாளியின் பழைய நூல் கிடங்கு பூட்டிக் கிடந்தது. அவரிடம் போய் நின்றேன். "வந்து பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றார். நல்ல மனிதர். ஆனால் சகுனம் பார்ப்பதில் பெரிய ஆள். கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இரண்டாவது தும்மலுக்காகக் காத்திருப்பார். அவர் தும்மலுக்காக பஸ்ஸை விட்ட கதை ஊருக்கே தெரியும்.

அவர் வருகிற அன்று காலையில்தான் எனக்குப் புத்தி அப்படிப் போனது. அன்றைக்கு வாசனைப் பாடம். காலி மருந்துப் புட்டிகளில் பஞ்சு வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, மல்லிகை, காபித்தூள், கிராம்பு, கற்பூரம் என்று வைத்திருந்தேன். செல்வத்துக்கு இதெல்லாம் பத்தாது, காரமாக ஒன்று வேண்டும் என்று பட்டது. அப்பாவின் பொடி டப்பாவிலிருந்து தாராளமாக மூக்குப்பொடியை ஒரு புட்டிக்குள் தட்டிக்கொண்டேன். (தூரத்தில் காட்டினால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் வேறு!)

நல்ல நேரம் பார்த்து, மடிப்புக் கலையாத வேட்டியோடு முதலாளி வந்தார். அவருக்குப் புட்டிகள் பிடித்துவிட்டன. "நூல மோந்து பாத்தே எந்தப் பட்டறைச் சாயம்னு சொல்லுவேன், இதென்ன பிரமாதம்!" என்று ஒவ்வொன்றாக எடுத்தார். "இது மல்லி. இது காபி, சிக்கிரி ஜாஸ்தி. இது கிராம்பு." தாய்மார்கள் வியந்தார்கள். நானும் வியந்துகொண்டே நின்றேன். அடுத்த புட்டியின் ஓட்டை அவர் மூக்குக்குப் போதவில்லை போலும். மூடியைக் கழற்றி, மூச்சை ஆழமாக இழுத்தார்.

"ஐயா, அது வேணாங்க..." என்று நான் வாயெடுக்குமுன் வெடித்தது. தாம்பாளத்து அரிசி சிதறியது. தெருவில் போன சைக்கிள் நின்றது.

ஒற்றைத் தும்மல்! முதலாளி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். ரூம் போச்சு என்றே நினைத்தேன். இரண்டாவது வந்தது, மூச்சு விட்டோம். மூன்றாவது வந்தது, மறுபடி ஒற்றைப்படை. கன்னியம்மா கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார். இந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அப்பா, "என் பொடி டப்பா இன்னாமா, இவ்ளோ லேசா கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. செல்வம்! நாற்காலியில் துண்டால் கட்டியிருந்த உடம்பு முழுக்கக் குலுங்கியது. முதலாளி அடுத்ததைப் போட்டார், அவன் இன்னும் உரக்கச் சிரித்தான். தும்மல் நின்றதும் தலையை அவர் பக்கம் திருப்பிக் காத்திருந்தான்.

"என் புள்ள சிரிக்குது டீச்சரம்மா" என்றார் கன்னியம்மா. "அவங்கப்பா சிரிப்பு அப்பிடியே கீது. இத்தினி நாளா எனக்குத் தெரியவே இல்லியே!" அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

முதலாளி முகமெல்லாம் கண்ணீர், மூக்குநீர். எத்தனை தும்மினோம் என்ற கணக்கையே மறந்துவிட்டிருந்தார். "இன்னொரு தபா வேணுமாடா உனக்கு?" என்று செல்வத்திடம் கேட்டவர், தானே புட்டியை எடுத்து மறுபடி முகர்ந்தார். போகும்போது கிடங்குச் சாவியைக் கன்னியம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு முடிந்ததா? வெள்ளிக்கிழமை தோறும் கிடங்குக்கு வந்து நின்றார். பொடி வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பொய்த் தும்மல் போட்டுப் பார்த்தார். செல்வம் பொய்யைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவான், உதடுகூட அசையாது. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே நின்று பொடி போட்டுக்கொண்டு, அச்சு அசல் தும்மலோடு ஜல்தியாக உள்ளே ஓடி வர ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்குள் பொடிப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கள் அப்பாவும் அவரும் பொடித் தோழர்கள் ஆனார்கள்.

மறு வருஷம் என் கல்யாணத்துக்கு முதலாளி வீட்டம்மா வந்திருந்தார். என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான பொண்ணுங்க உங்க மருமக. எங்க வூட்டு மனுசனுக்குப் பொடி போடக் கத்துக்குடுத்ததே இவங்கதான்" என்றார். மாமியார் கொஞ்ச நாள் என் சுருக்குப்பையைச் சோதித்துக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், எல்லோரும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.