புட்டி திரும்பி வரும்

தொழில் தொடங்குவது எப்படி என்று மேடையில் பேசுகிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது. அடிக்கத் தெம்பில்லை, வயதாகிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அடிவாங்க வேண்டியவன் நான்தான்.

சுதேசிப் பேச்சு ஊரெல்லாம் அடிபட்ட காலம். மதராஸிலிருந்து வந்த ஒருவர் திருநெல்வேலி டவுணில் சனிக்கிழமைதோறும் தொழில் வகுப்பு நடத்தினார். (அவர் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட விற்றவர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) "எதையும் முதலில் காகிதத்தில் தொடங்குங்கள்" என்பார். நான் நாற்பது பக்க நோட்டு வாங்கி, 'கோலி சோடா கம்பெனி' என்று தலைப்பு எழுதினேன். மெஷின் எங்கே வாங்குவது, எந்த மாதம் வெயில் கூடுதல், எந்தக் கோயிலில் எப்போது திருவிழா, வண்டிமாடு என்ன தின்னும், எல்லாம் எழுதினேன். "சரக்கை வாங்கப்போகிற பத்துப் பேரிடம் முதலில் போய்க் கேளுங்கள்" என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டேன். எங்கள் ஆட்களைப் பற்றி நான் இன்னொருவனிடம் கேட்பதா என்ற திமிர்.

இதற்குள் எனக்குச் சேரன்மகாதேவியில் பெண் பேசியிருந்தார்கள். அவளை ஒரு தேரோட்டத்தில் பார்த்திருந்தேன். அதற்குமேல் எனக்கு வேறு பெண் வேண்டியிருக்கவில்லை. அவள் தகப்பனார் சுப்பையா பிள்ளை நிலபுலம் உள்ள சைவர். "சும்மா திரியுத பயலுக்குப் பொண்ணு கிடையாது. என்ன தொழில்னு நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று ஆள் அனுப்பினார். நான் கம்பெனி தொடங்கியதே அவளுக்காகத்தான். நோட்டில் அதை மட்டும் எழுதவில்லை.

மெஷின் வந்தது. அதைச் சுற்ற மேலப்பாளையத்திலிருந்து மைதீன் வந்தான். முதல் நாளே கேட்டான்.

"அண்ணாச்சி, உங்க ஆளுக சொம்புத் தண்ணியையே அண்ணாந்துதான குடிக்காக. இதை வாய் வச்சுல்லா குடிக்கணும்?"

"நீ மெஷினைச் சுத்துலே."

சுற்றினான்.

ஸ்டேஷனில் சரக்கு விற்கத் தொடங்கிய வாரத்தில் சுப்பையா பிள்ளை ரயிலேறி வந்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் சரிகை நேரியல். என் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். மெஷினைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் திருப்தி. (நான் மனதுக்குள் பந்தக்கால் நட்டுவிட்டேன்.) என் கையாலேயே கோலியை அமுக்கி ஒரு சோடாவை உடைத்து நீட்டினேன்.

அவர் வழக்கப்படி முகத்தை உயர்த்தி, புட்டியை ஒரு சாண் மேலே பிடித்துக் கவிழ்த்தார். கோலி உருண்டு வந்து புட்டியின் வாயை அடைத்தது. ஒரு சொட்டும் வரவில்லை. வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். பிறகு குலுக்கினார். "மாமா, குலுக்காதீக" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கோலி விலகி, பாதி சோடா மூக்கிலும் மீதி நெற்றியிலும் இறங்கியது. விபூதி கரைந்து மீசையில் வழிந்தது. அவர் தும்மிய தும்மலில் மைதீன் மெஷினை நிறுத்திவிட்டான்.

மனிதர் கோபப்படவில்லை. அதை இப்போதும் சொல்வேன். நேரியலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புதுச் சாமான்லா. வேற எப்படிவே குடிக்கது?" என்றார்.

அங்கே நான் சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு அவர் மருமகன். "இங்கன பாருங்க மாமா" என்று இன்னொரு புட்டியை உடைத்து, வாய் வைத்து உறிஞ்சிக் காட்டினேன். அதோடு விட்டேனா? நோட்டில் நான் மிகவும் பெருமைப்பட்ட பக்கத்தை அப்படியே ஒப்பித்தேன்.

"குடிச்சுட்டுப் புட்டியை எறியாண்டாம் மாமா. நம்மகிட்டயே திரும்பி வந்துரும். திரும்ப ரொப்பிருவோம். இந்தத் தொழிலோட சூட்சுமமே அதுதான்."

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்போ இப்பம் நான் குடிச்ச புட்டி?"

"நேத்து ஸ்டேஷன்ல யாரோ குடிச்சது மாமா. நல்லாக் கழுவியாச்சு."

"யாரோன்னா?"

எனக்கு எப்படித் தெரியும்? மைதீன் கூரையைப் பார்த்தான்.

சுப்பையா பிள்ளை புட்டியைப் பையத் தரையில் வைத்தார். "குறுக்குத்துறையில ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரேன்" என்று ஆற்றைப் பார்க்க நடந்தார். நான் இலைபோட்டு வைத்துச் சாயங்காலம்வரை காத்திருந்தேன். ஈரவேட்டியோடே அவர் சேரன்மகாதேவிக்கு ரயிலேறியதை மைதீன்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

தை மாதம் அவளை ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கொடுத்தார்கள். மெஷினை மைதீன் எடுத்துக்கொண்டான். ஸ்டேஷன் வாசலில், வாய் வைத்துக் குடிக்கிறவர்களுக்கு விற்று, மாடிவீடு கட்டினான். அவன் எந்த வகுப்புக்கும் போனவன் இல்லை.

எனக்கு வெகுநாள் கழித்துச் சாத்தான்குளத்தில் பெண் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் எந்தச் சம்பந்தம் தட்டிப்போனாலும் "குளிக்கப் போயிருக்காக" என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். போன மாதம் என் மூத்த மகளைப் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து கடிதமே இல்லை. தபால்காரனை எதிர்பார்த்துத் தினமும் தெருவில் போய் நின்றேன். நேற்று உள்ளேயிருந்து அவளே கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கப்பா. அவுக இன்னும் தலை துவட்டல போல."