எங்கள் லயத்துப் புதன் டீச்சர்

புதன்கிழமை எந்தக் கிழமையில் வரும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இந்தப் பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பஞ்சாங்கக்காரர்கள் வருத்தப்படக் கூடாது. வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் லயத்தில் அவருக்குப் புதன் டீச்சர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

எனக்குப் பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. வலது கையும் பாதி நாள் லீவில் இருக்கும். என்னைப் போல வீட்டைவிட்டு நகர முடியாத பிள்ளைகளை அரசுப் பள்ளியில் பெயரளவில் சேர்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே ஒரு டீச்சரை அனுப்புவார்கள். எனக்கு ஒதுக்கிய நாள் புதன். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவர் வந்தார். சித்தூர்ப் பக்கம் நெல்வயல் சூழ்ந்த ஊர். மலையைத் தூரத்திலிருந்து பார்த்தே வளர்ந்தவர்.

ஒரு வாரம் புதன்கிழமை ஹர்த்தால். பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. டீச்சர் வெள்ளிக்கிழமை வந்து நின்றார். நோட்டைத் திறக்கச் சொல்லி, "தேதிக்குப் பக்கத்துல கிழமை எழுது கண்ணு. புதன்" என்றார்.

தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"டீச்சர், இன்னைக்கி வெள்ளிக்கிழமைல்லா."

"அது உங்களுக்குங்க. இந்தப் புள்ளைக்கு இந்த வாரத்துப் புதன் இன்னும் வரவே இல்லீங்களே. அதை எப்படீங்க உடறது?"

அப்பா மறுபடி படுத்துக்கொண்டார்.

அந்த 'ங்க'தான் ஆரம்பத்தில் பெரிய தகராறு. தோட்டத்தில் சூப்பர்வைசர் முதல் ரேஷன் கடைக்காரர் வரை அப்பாவை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்கள். திடீரென்று ஒருவர் வந்து "வாங்க, உக்காருங்க, சொல்லுங்க" என்றால் சந்தேகம் வராதா? இந்தம்மா நம்மைக் கேலி செய்கிறது என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மாதான் தீர்த்துவைத்தாள்.

"அந்தம்மா கோழியக்கூட 'போங்க'ன்னுதான் வெரட்டுது. ஒங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல."

அட்டைக்கு அவர் பயந்த அளவுக்கு எங்கள் ஊரில் யாரும் யானைக்குக்கூடப் பயந்ததில்லை. ரோட்டில் ஜீப் இறக்கிவிட்டால் தேயிலைக்குள் அரைமணி நேரம் ஏறி வர வேண்டும். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், உள்ளே உப்பு, வெளியே புகையிலைத் தண்ணீர், அதற்கும் மேல் முழங்கால்வரை பிளாஸ்டிக் கவர். சரசரவென்று சத்தத்தோடு வருவார். வந்ததும் இரண்டு காலையும் ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் பாடம். மனிதனுக்கு உதவும் உயிரினங்கள் என்று ஒரு பாடத்தில், மருத்துவத்துக்கு அட்டை பயன்படுகிறது என்று போட்டிருந்தது. என் புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

"இது பரீட்சைக்கு வராது கண்ணு."

இந்தப் பயத்தோடுதான் நாலு வருஷம் வந்தார், மழைக்காலத்தையும் சேர்த்து.

பள்ளிக்கூடத்தில் என்னென்ன உண்டோ அதெல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒற்றைப் பிள்ளைக்கு ஆஜர் எடுப்பார். என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, கூட்டத்தில் தேடுகிற மாதிரி அறை முழுக்கப் பார்ப்பார். நான் "உள்ளேன் டீச்சர்" என்ற பிறகுதான் கண் என் பக்கம் வரும். ஒருநாள் நான் தூங்கிவிட்டேன். 'தாமதம்' என்று எழுதினார்.

"கட்டில விட்டு எறங்காத புள்ள எங்கேருந்து டீச்சர் லேட்டா வரும்?" என்றார் அப்பா.

"எந்திரிச்சு தலை சீவி உக்காந்திருக்கோணுமுங்க. படுத்திருந்தா அது ஊடு. உக்காந்தாத்தானுங்க பள்ளிக்கூடம்."

பெற்றோர் கூட்டமும் உண்டு. பெற்றோரே இரண்டு பேர். அப்பாவைத் தலைவராக அம்மா முன்மொழிந்தாள். தலைவரான கையோடு அவர் மீது முதல் புகாரையும் அவளே கொடுத்தாள்: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த கால் பயிற்சியைத் தலைவர் செய்துவிடுவதில்லை. புகார் குறிப்பேட்டில் ஏறியது. தலைவர் கையெழுத்துப் போட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் டீச்சர் ஒரு குண்டைப் போட்டார்.

"அடுத்த புதன் கிளாஸ் பள்ளிக்கூடத்துல. சாய்வுப் பாதை கட்டியாச்சு, சக்கர நாற்காலியும் வந்தாச்சு. பத்தாங்கிளாஸ் பரீட்சைய இந்தக் கட்டில்ல எழுத உடமாட்டாங்க கண்ணு. நாலு பேருக்கு நடுவுல உக்காந்து பழகோணும்."

நான் மாட்டேன் என்றேன். அப்பாவும் என் கட்சி.

"கொண்டுபோயி வேடிக்கை காட்டவா டீச்சர்? எல்லாவனும் பாப்பான்."

"பாக்கட்டுங்க. பாத்துப் பழகுனாத்தானுங்க பாக்கறது நிக்கும்."

அடுத்த புதன் நான் போகவில்லை. சாயங்காலம் சரசரவென்று சத்தம் கேட்டது. டீச்சர் வாசலிலேயே நின்று ஆஜர்ப் புத்தகத்தைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்."

"இங்க இருந்து என்ன பண்றது? கிளாஸ் அங்கல்ல நடந்துச்சு." வரவில்லை என்று எழுதிவிட்டு, அம்மா நீட்டிய பால் விடாத கட்டன் சாயாவைக்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார். ஒரு பிள்ளைக்கு ஆப்சென்ட் போட அரைமணி நேரம் மலையேறி வந்த டீச்சர் வேறெங்காவது உண்டா, தெரியாது. அதற்கடுத்த புதனும் இதே கதை. நான் அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது புதன் பேய் மழை. வந்து நின்ற டீச்சரின் கவர் எங்கோ கிழிந்து, கணுக்காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அட்டை நன்றாகக் குடித்துத் தொங்கியது. டீச்சர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நனைந்த பக்கத்தைப் பிரித்து என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மாதான் உப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டீச்சர் போன பிறகு அப்பா சொன்னார்: "அடுத்த வாரம் போயிருவோம்ளா. இல்லன்னா அந்தம்மா இங்கேயே ரத்தம் போயி விழுந்துரும்."

நான்காவது புதன் அப்பா என்னை முதுகில் சுமந்து ரோட்டுக்கு இறக்கினார். அங்கிருந்து ஜீப். வகுப்பில் முன் பெஞ்சை நகர்த்தி இடம் விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் குனிந்து கேட்டாள்: "நீதான் இருபத்தி மூணா?"

என் வரிசை எண் அது. வருஷக்கணக்கில் தினமும் அந்த எண்ணைப் படிப்பார்களாம். வகுப்பே கோரஸாக "வீட்ல" என்று சொல்லுமாம். அன்றைக்கும் வகுப்பு டீச்சர் "இருபத்தி மூணு" என்றதும், பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் "வீட்ல" என்று கத்தினார்கள். என் "உள்ளேன்" அதில் முங்கிப் போனது. முதலில் சிரித்தது நான்தான். அப்பா சாயங்காலம்வரை வராந்தாவை விட்டு நகரவில்லை. ராத்திரி ஷிப்ட் அசதியில் அங்கேயே படுத்துக் குறட்டை விட்டார். ஹெட்மாஸ்டர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் தினமும் போக ஒரு ஜீப் ஏற்பாடானது. நான் டீச்சரிடம் கேட்டேன்: "புதன்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவீங்கல்ல?"

"வரக்கூடாது கண்ணு. நீ இப்பப் பள்ளிக்கூடம் வர்ற புள்ள. அந்த நேரம் இனி வேற புள்ளையுது."

ஜெயித்ததற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. புதன்கிழமை அதன்பின் ஒழுங்காகச் செவ்வாய்க்கு மறுநாளே வந்தது. எனக்கு அதை அடையாளமே தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்து அவர் சித்தூருக்கே போய்விட்டார். நான் பத்தாம் வகுப்பு தேறி, மேலே படித்து, இப்போது ஒரு அலுவலகத்தில் மனு வாங்கும் கவுண்டரில் இருக்கிறேன். எப்போதாவது போன் செய்வேன். "கிளாஸ்ல இருக்கேன் கண்ணு, அப்புறம் கூப்புடறேன்" என்பார். அந்த அப்புறம் வர மாதங்கள் ஆகும்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் ஊருக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்னால். நான் ஜீப்பில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ச் சரிவில், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேறொரு லயத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்.

"ஒங்க டீச்சர்ல்லா போறாங்க. நிறுத்தட்டுமா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"வேண்டாம்ணே. அங்க ஒரு புள்ள காத்துக்கிட்டிருக்கும்."

ஒரு நிமிஷம் கூடுதலாகக் காத்திருந்திருக்கும் அந்தப் பிள்ளை. நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.