துறவி வெள்ளைத்துரைக்கு வந்த குறிப்பாணை

மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு பொது அறை உண்டு. அதில் நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்கலாம், வளைகாப்பு நடத்தலாம், தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கலாம். டிராகனைக் கொல்லலாமா என்பது பற்றிச் சங்க விதிகளில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் நாங்கள் ஞாயிறுதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு அதைச் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு பேர்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே கதை சொல்லி ஆடுகிற ஆட்டம். கதையை நடத்துகிறவன் மூன்றாம் மாடி ஜெயராம். தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. ஏசி மெக்கானிக் பாலு, கவசம் போட்ட வீரன். நான் மந்திரவாதி. என் வீட்டில் இந்தத் தகவல் தெரியாது. நோரா மிஸ், துறவி.

துறவி என்றதும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் என்று நினைக்க வேண்டாம். இந்த ஆட்டத்தில் துறவிக்குக் கவசம் கிடையாது, கத்தி கிடையாது. காற்றாய் ஓடிப்போய் வெறுங்கையால் குத்துவார். நோரா மிஸ் தன் துறவிக்கு வெள்ளைத்துரை என்று பெயர் வைத்திருந்தார்.

மிஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் கணக்கு எடுத்தவர். நன்றாக எடுத்ததால் போன வருஷம் துணை முதல்வர் ஆக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் சாக்பீஸைத் தொடவில்லை. லீவ் லெட்டர், டைம்டேபிள் என்று நாள் முழுக்கக் கையெழுத்துதான். "வாரத்துல ஒரு நாள்தான் இந்தக் கையால உருப்படியா ஒரு காரியம் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார்.

ரெண்டு வருஷம் ஆடி, டிராகன் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். டிராகன் வாயைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து ஜெயராம் போனைத் திறந்தான்.

"மிஸ், தப்பா நெனைக்காதீங்க. ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார். எல்லா வேஷத்துக்கும் ரேங்க் குடுத்திருக்கார். துறவி கடைசி வரிசை. ஆடவே லாயக்கில்லையாம்."

"யாருப்பா அவர்?"

"பன்னெண்டு லட்சம் பேர் பாக்கறாங்க மிஸ்."

"அவர் வெள்ளைத்துரையைப் பாத்திருக்காரா?"

"அதில்ல மிஸ். துறவி அடி வெயிட்டா விழாது. மூணு ரவுண்டுல தம் தீந்துடும். பேசாம வீரனா மாறிக்கங்க, நல்ல வாளா ஒண்ணு தரேன்."

பாலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா நைனா பேசற? போன மாசம் பாலத்து மேல என் மூஞ்சிக்கு நேரா வந்த அம்பைக் கையால புடிச்சாரே, அவரு யாரு? வெள்ளைத்துரைதானே?" என்றவன், கொஞ்சம் யோசித்து, "ஆனா பன்னெண்டு லட்சம் பேர் பாத்துக்கினு கீறாங்கன்னா..." என்று இழுத்தான்.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். மேஜையைத் தட்டியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கதவு திறந்தது.

சங்கச் செயலாளர் சுப்பராமன் மாமா. அரசாங்கத்தில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தத் துறை என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்.

"என்னது இது? ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஆத்துல செத்த கண்ணசர முடியலை. யார் கத்தறது?"

சொன்னோம். மாமா உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது கத்தித் தீக்கற விஷயமில்லை. ஒரு பணியிடம் தேவையா இல்லையாங்கறது கேள்வி. கோப்புல வரணும். நான் பாத்துத் தரேன்."

அடுத்த வருஷத்துக்கு இந்த அறை எங்களுக்கு உண்டா இல்லையா என்பது மாமாவின் கையெழுத்தில் இருந்தது. ஆகவே "ரொம்ப நல்லது மாமா" என்றோம். முதலில் சொன்னவன் நான்.

"அதுவரைக்கும் டிராகன் என்ன பண்றது மாமா?" என்று ஜெயராம் கேட்டான்.

"இப்ப என்ன பண்ணிண்டிருக்கு?"

"வாயைத் திறந்துண்டு... திறந்து வெச்சிருக்கு. நெருப்பு வரப்போகுது."

"இருக்கறபடியே இருக்கட்டும். முடிவு வர்ற வரைக்கும் வாயை மூடவும் கூடாது, நெருப்பைக் கக்கவும் கூடாது."

ஜெயராம் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

மூன்றாம் நாள் நோரா மிஸ் வீட்டுக் கதவுக்கடியில் ஒரு தாள் வந்தது. 'பொருள்: பொது அறை – சத்தம் – புகார் – தொடர்பாக. துறவி திரு. வெள்ளைத்துரை அவர்களின் பணியிடத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்பதற்கான விளக்கத்தை, இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற பதினைந்து தினங்களுக்குள் சமர்ப்பிக்குமாறு அன்னார் இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்.'

மிஸ் ராத்தூக்கம் கெட்டு ரெண்டு பக்கம் எழுதினார். அம்பைப் பிடித்தது, ஆற்றின் மேல் ஓடியது, அரக்கனை ஒரே குத்தில் மலைக்கவைத்தது, எல்லாம். விளக்கம் திரும்பி வந்தது. 'உடைமை ஏதும் இல்லாதவர் எனக் கூறும் மனுதாரர், பேனாவும் தாளும் எங்கிருந்து பெற்றார்?' இரவல் என்று எழுதிக் கொடுத்தோம். இருப்பிடச் சான்று கேட்டார்கள். 'குகை எதிரில்' என்று பாலு எழுதினான். அடுத்து உயிர்வாழ் சான்றிதழ்.

"நான் உசிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் நானே போய்க் காட்டிட்டு வரேன். இவருக்கு மட்டும் என்ன சலுகை?" என்றார் மாமா. நியாயம்தான். 'நாற்பத்தொரு உயிர்ப் புள்ளிகளுடன் நலமாக உள்ளார்' என்று ஜெயராம் சான்றளித்தான்.

இப்படி அஞ்சு மாசம். ஞாயிறு நாலு மணிக்கு வந்தோம், வாக்குமூலம் கொடுத்தோம், மாமா வீட்டிலிருந்து வந்த மெதுவடையைச் சாப்பிட்டோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. நோரா மிஸ் மட்டும் பகடையை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஒரு குத்து விட்டு அஞ்சு மாசம் ஆச்சு நிரஞ்சன்" என்றார் என்னிடம் ஒருநாள். நான் சட்னியைத் தள்ளி வைத்தேன்.

கடைசியில் மாமா, ஜெயராம், நான் ஆகிய மூவர் குழு, யாரிடம் என்ன உடைமை என்ற ஆய்வுக்கு உட்கார்ந்தது. மந்திரவாதியிடம் மந்திரப் புத்தகம் ஒன்று, கொள்முதல் ரசீது இல்லை. வீரனிடம் கவசம் ஒன்று, நசுங்கியது, நசுங்கலுக்கு அறிக்கை இல்லை. துறவிக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் 'இல்லை, இல்லை, இல்லை.'

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல தணிக்கைத் தடையே வர முடியாத ஒரு மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்."

"அடி வெயிட்டா விழாதே மாமா" என்றான் ஜெயராம்.

"பலமா அடிச்சா அப்பீல் வரும். மெதுவா அடிக்கறதுதான் முறை."

"மூணு ரவுண்டுல தம் தீந்துடும்."

"ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தா திரும்ப வந்துடறதுன்னு உங்க ஆட்ட விதிப் புஸ்தகத்துல போட்டிருக்கே! மத்தியானச் சாப்பாட்டு வேளையே போறும்டா அவருக்கு."

அடுத்த ஞாயிறு ஆணை வாசிக்கப்பட்டது. துறவிப் பணியிடம் இன்றியமையாதது. நோரா மிஸ் முகம் பளிச்சென்று மலர்ந்தது. பகடை மேஜைக்கு வந்தது. வீரன், மந்திரவாதி ஆகிய பணியிடங்கள் இன்றுமுதல் துறவிப் பணியிடங்களாக மாற்றப்படுகின்றன. வாள், கவசம், புத்தகம் உடனே ஒப்படைக்கப்பட வேண்டும். "என் வாளு!" என்றான் பாலு. யாரும் கேட்கவில்லை. மாசற்ற பணியைப் பாராட்டி, திரு. வெள்ளைத்துரை துறவிகள் கண்காணிப்பாளராகப் பதவி உயர்த்தப்படுகிறார். கண்காணிப்பாளர் களப்பணிக்குச் செல்லலாகாது. குகை வாசலில் அமர்ந்து வருகைப் பதிவேட்டைப் பராமரிப்பார்.

"அப்போ நான் குத்த முடியாதா சார்?"

"நீங்க எதுக்கும்மா குத்தணும்? கையெழுத்துப் போட்டா போறுமே."

"எனக்குப் பதவி உயர்வு வேணாம் சார்."

"நன்னா வேலை செஞ்சவாளுக்கு மரியாதை பண்ணலைன்னா நாலு பேர் என்ன சொல்லுவா?"

மிஸ் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆணையில் குழு உறுப்பினர் கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்கடியில் அறை அனுமதிக் கடிதம் எட்டிப் பார்த்தது. நான் கையெழுத்துப் போட்டேன். ஜெயராமும் போட்டான்.

டிராகனுக்கு விடுதலை. அஞ்சு மாசமாக அடக்கி வைத்த நெருப்பு. அஞ்சு நிமிஷத் துறவிகளான நானும் பாலுவும் வெறும் உடம்போடு நின்றோம். தப்பிக்கப் பாலு உருட்டினான், ரெண்டு விழுந்தது. நான் உருட்டினேன், ஒன்று. "முடிஞ்சுது" என்றான் ஜெயராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ், இவ்ளோ கக்கினதுல டிராகனுக்குச் சுத்தமா தம் இல்ல. ஓடிப்போய் ஒரே ஒரு குத்து விடுங்க, விழுந்துடும்" என்றான்.

நோரா மிஸ் எங்கள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"நான் கண்காணிப்பாளர் ஜெயராம். களப்பணிக்குப் போகக்கூடாது."

பகடையைப் பென்சில் டப்பாவில் போட்டு மூடினார். போய்விட்டார். அப்புறம் வரவில்லை.

மறுவாரம் ஜெயராம் ஒரு வீடியோ அனுப்பினான். அதே ஆள். ஆட்டத்துக்கு வந்திருக்கிற புது விதிகளின்படி துறவி முதல் வரிசையாம். நான் விருப்பக்குறி போட்டேன்.

அறை அனுமதி வருஷம் முழுவதற்கும் வந்துவிட்டது, ஞாயிறுதோறும் நாலு மணிக்கு. ஆடத்தான் ஆளில்லை. கூடவே கோப்பின் கடைசித் தாளும் வந்தது. 'பொது அறையில் தற்போது சத்தம் ஏதும் இல்லை என்பது நேரில் உறுதிசெய்யப்பட்டது. புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டதால் கோப்பு மூடப்படுகிறது.'

ரெண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.